கிளாட் எதை அளக்கிறது?

பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பினால், 2008-க்கு முன்பு ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பெங்களூருவுக்கு ஒரு தேர்வு, ஹைதராபாத்துக்கு ஒன்று, போபாலுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், தனிப் பயணம். இரண்டு தேர்வுகள் ஒரே நாளில் வந்துவிட்டால் ஒன்றைக் கைவிட வேண்டியதுதான். இந்த அலைச்சலுக்கு முடிவு கேட்டு உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கின் விளைவாக வந்ததுதான் கிளாட் என்னும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு. 7 பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது. இன்று 20-க்கும் மேற்பட்டவை அதன்வழியே மாணவர்களைச் சேர்க்கின்றன. திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் அவற்றில் ஒன்று.

ஒரே தேர்வு என்பது உண்மையான நன்மை. கொரோனா காலத்தில், 2020-ல், பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி தனித் தேர்வு நடத்தித் தன் வழியில் போகப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து கிளாட் வழியே சேர்க்கச் சொன்னது. பொதுத் தேர்வு என்ற ஏற்பாடு இல்லாதிருந்தால், அந்த நெருக்கடியில் மாணவர்கள் மறுபடியும் பழைய அலைச்சலுக்கே தள்ளப்பட்டிருப்பார்கள்.

அதே ஆண்டு வினாத்தாளும் மாறியது. அதுவரை மனப்பாடத்துக்கு நிறைய இடம் இருந்தது. மாற்றத்துக்குப் பிறகு, பெரும்பாலும் ஏறக்குறைய 450 சொற்கள் கொண்ட பத்திகள். படித்துப் புரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும். சட்டப் பகுதியில்கூட முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்கத் தேவையில்லை. பத்தியில் தரப்படும் விதியை ஒரு நிகழ்வுக்குப் பொருத்திப் பார்த்தால் போதும். வழக்கறிஞர் வேலையின் அடிப்படையே இதுதான் என்பதால், இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் நேரக் கணக்கைப் பாருங்கள். 120 கேள்விகள், 120 நிமிடங்கள். பத்திகளைப் படிக்கும் நேரமும் அதற்குள்ளேயே அடக்கம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே. ஆக, இந்தத் தேர்வு சிந்தனையை அளக்கத் தொடங்குவதற்கு முன்பே ஆங்கிலத்தை எவ்வளவு வேகமாகப் படிக்க முடிகிறது என்பதை அளந்துவிடுகிறது. வீட்டில் ஆங்கில நாளிதழ் வாங்காத, தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டுகள் படித்த ஒரு பெண், விதியைச் சரியாகப் பொருத்தும் திறன் இருந்தும், பாதித் தாளில் நேரம் முடிந்து எழுந்துவிடுகிறாள். 4,000 ரூபாய் விண்ணப்பக் கட்டணமும் கோச்சிங் செலவும் அதற்கு மேல். பட்டியலினத்தவருக்கும் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கும் கட்டணத்தில் கிடைக்கும் சலுகை வெறும் 500 ரூபாய். இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் ‘ஐடியா’ அமைப்பைத் தொடங்கி, எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் வேலையில் இறங்கினார். ஒரு தனி மனிதரின் முயற்சி, தேர்வு நடத்துவோர் செய்ய வேண்டியதற்கு ஈடாகிவிடாது.

உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் ஆங்கிலம்தானே, பாடமும் ஆங்கிலத்தில்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சி பேசுவது தமிழில். நிலத் தகராறு, ஜீவனாம்சம், ஜாமீன் என்று சாதாரண மனிதர் நீதியை முதலில் தேடிப் போகும் இடமும் அதுவே. அங்கே வாதாட வேண்டியவரின் தாய்மொழித் திறனுக்கு நுழைவுத் தேர்வில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. ஆங்கிலத்தை ஐந்தாண்டுப் படிப்பில் கற்றுக்கொடுக்க முடியும். நீட், ஜேஇஇ மெயின் ஆகியவை தமிழ் உள்பட 13 மொழிகளில் நடக்கும்போது, சட்டத்துக்கு மட்டும் ஏன் முடியாது?

நம் மாநிலத்தின் வழி குறையற்றது என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அரசு சட்டக் கல்லூரிகளும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கின்றன. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடும் உண்டு. ஆயினும் கணக்குப்பதிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவருக்கு வழக்கை அலசும் திறன் இருக்குமா என்பதை அந்த மதிப்பெண் சொல்லாது. வாசிப்பையும் தர்க்கத்தையும் சோதிக்கும் ஒரு தேர்வு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

தேர்வு நடத்தும் விதம்தான் இன்னும் கவலை தருகிறது. 2018-ல் கணினிக் கோளாறுகளால் நேரம் இழந்தவர்கள் நீதிமன்றம் போக நேர்ந்தது. 2024 டிசம்பர் 1 அன்று நடந்த தேர்வின் விடைக்குறிப்பில் இருந்த பிழைகள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போயின. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, கேள்விகள் அக்கறையின்றித் தயாரிக்கப்பட்டதைக் கண்டித்தது. ஐந்து மாதங்களுக்கு மேல் பிள்ளைகள் தங்கள் இடம் எது என்று தெரியாமல் காத்திருந்தார்கள். கிளாட்டை நடத்தும், நாட்டின் சட்ட அறிஞர்கள் நிறைந்த தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பால் பிழையில்லாத 120 கேள்விகளைத் தயாரிக்க முடியவில்லை என்பதை ஏற்றுக்கொள்ளவே முடியாது.

கிளாட்டை ஒழிக்க வேண்டாம். நேரத்தைக் கூட்டட்டும், தர்க்கப் பகுதியையும் சட்டப் பகுதியையும் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் தரட்டும், ஆங்கிலத்துக்குத் தனித் தாள் வைத்து, அதில் தேர்ச்சி பெற்றால் போதும் என்று சொல்லட்டும். திருச்சிப் பல்கலைக்கழகம் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவானது. தமிழில் வினாத்தாள் வேண்டும் என்ற கோரிக்கையைக் கூட்டமைப்பின் முன் வைக்கும் பொறுப்பு அதற்கும் தமிழ்நாடு அரசுக்கும் இருக்கிறது. அடுத்த தேர்வு அறிவிப்பு வருவதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும்.