'அந்த நாள்': சாட்சிகள் சொல்லாமல் விட்டவை

வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரிப்பில் 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' படத்தை நான் முதலில் பார்த்தது கொட்டாஞ்சேனையில், மாமா வீட்டில், வாடகைக்கு எடுத்த வீடியோ கசட்டில். பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. ராஜனைச் சுட்டது யார் என்பது மட்டுமே அன்று எனக்கு வேண்டியிருந்தது. அண்மையில் வெள்ளவத்தையில் மகளோடு இருந்து மறுபடியும் பார்த்தேன். விடை தெரிந்த படம் அலுத்துவிடும் என்று நினைத்தேன். அலுக்கவில்லை, உறுத்தியது.

1943 ஒக்டோபர் 11 இரவு ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்டதை அடுத்து, ரேடியோ எஞ்சினியர் ராஜன் (சிவாஜி கணேசன்) தன் வீட்டிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறான். மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, அயல் வீட்டுக்காரர், ராஜனோடு தொடர்புடைய நடனக்காரி எல்லோரையும் துப்பறியும் அதிகாரி சிவானந்தம் (ஜாவர் சீதாராமன்) விசாரிக்கிறார். அயலவர் தம்பியைச் சந்தேகிக்கிறார். தம்பி பட்டாபியோ தன் மனைவியையே சந்தேகிக்கிறான்.

குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) படத்தோடு இதை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே சம்பவத்தில் பங்கெடுத்தவர்களும் பார்த்தவனும் பேசுகிறார்கள். உண்மை எதுவென்று கடைசிவரை நிச்சயமில்லை. இங்கே சந்தேகம் சொல்லும் எவரும் கொலையைக் காணவில்லை. அவர்கள் சொல்வது ஊகம். அந்த ஊகங்களும் கண்ணால் கண்டவை போலவே திரையில் விரிகின்றன. சந்தேகம் எப்படிச் சாட்சியாக உடுத்திக்கொள்கிறது என்பதைப் பாலச்சந்தர் உத்தியாலேயே காட்டிவிட்டார் எனலாம்.

எதிரிக்கு இரகசியம் விற்ற கணவனை மனைவி உஷாவே (பண்டரிபாய்) சுட்டாள் என்று முடிவில் தெரிகிறது. 'நாடா, கணவனா' என்ற பெரிய கேள்வியோடு அவள் கதை நிறைவு பெறுகிறது. என் குறை அங்கேதான். பிழையாக விரல் நீட்டிய மற்றவர்களை படம் எதுவும் கேட்காமலே அனுப்பிவிடுகிறது. மகள் கேட்டாள்: "அந்தத் தம்பியும் அவர்ட வைஃபும் அடுத்த நாள் எப்படி வாப்பா ஒண்டா இருந்து தேத்தண்ணி குடிப்பாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குக் கீழ் ஓர் அறையில் வடக்கிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் இருந்தார். விசாரிக்க வந்தவர்கள் "ஆள் எப்படி?" என்று என்னிடம் கேட்டார்கள். "ராவில சுணங்கித்தான் வருவார்" என்றேன். பொய்யில்லை. சாப்பாட்டுக் கடையில் இரவு வேலை பார்த்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். மாதம் முடியமுன் அறையை விட்டுப் போய்விட்டார். இடையில் படிக்கட்டில் கண்டபோதெல்லாம் "சுகமா நானா?" என்று கேட்டார். நான் சொன்னது அவருக்குத் தெரியுமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட 1942 ஏப்ரல் 5 ஓர் உயிர்த்த ஞாயிறு. 2019 ஏப்ரல் 21உம் அப்படியே. அன்று கொட்டாஞ்சேனைக்கு அருகே கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்திலும் குண்டு வெடித்து வணங்க வந்தவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிந்திய கிழமைகளில் எங்கள் வீடுகளைப் பற்றி அயலவர்களிடம் கேட்டார்கள். என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள்? ராவில் வெளிச்சம் எரிகிறது, ஆட்கள் வந்து போகிறார்கள் என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய்யாகாது.

கொலையாளி யார் என்பதை ஒருமுறை அறிந்தால் போதும். விசாரணைக் கொப்பி திறந்தவுடன் நாம் எதைச் சொல்லி எதை விடுகிறோம் என்பதைப் பார்க்கத்தான் 'அந்த நாள்' படத்தை மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கிறது.