யூமிக் பி8: ஒரு சொட்டு எண்ணெயில் ஓடும் புரொஜெக்டர்

பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டியதும், "ஒருதரம் பிளக்கைச் செருகிப் பாத்துடலாமா, பெரியப்பா?" என்றான் தம்பி மகன். நான் விடவில்லை. பழைய புரொஜெக்டர்கள் பல அந்த முதல் நிமிட ஆசையில்தான் கெடுகின்றன. கையால் தண்டைச் சுற்றிப் பார்த்தேன். வெல்லப்பாகில் கரண்டியைச் சுற்றுவது போல இருந்தது.

தேய்மானம் காரணமில்லை. அறுபது வருஷத்தில் எண்ணெயின் நீர்த்த பகுதி போய்விட, மிச்சம் தேன் நிறத்தில் பிசினாக இறுகிவிடுகிறது. அந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் மோட்டார் திணறும், காயில் சூடேறும். பிசினைக் கரைத்து எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் உலோகம் பெரும்பாலும் புதுசு போலவே இருக்கும்.

1919-இல் வியன்னாவில் தொடங்கிய கம்பெனி யூமிக். வீட்டு சினிமாக் கருவிகளில் உலகின் பெரிய பெயர்களில் ஒன்றாக வளர்ந்தது. போலராய்டின் உடனடி சினிமா முறையான போலாவிஷனுக்குக் கருவிகளைத் தயாரிக்கும் பெரிய ஆர்டரை நம்பியது. 1977-இல் வந்த போலாவிஷன் விற்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் யூமிக்கும் திவாலானது. 1950-களின் பி8 சாதாரண 8 மி.மீ. பிலிமுக்கான, ஒலி இல்லாத புரொஜெக்டர். 12 வோல்ட், 100 வாட் பல்பு. ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் திறந்து பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். இன்று வாங்கும் எந்தக் கருவியிலும் இந்த மரியாதை எனக்குக் கிடைப்பதில்லை.

எங்கே எண்ணெய் விடுவது என்பதற்கு முன்னால் எதை விடக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டும். முன்பு வேறொரு புரொஜெக்டரை ரிப்பேருக்குக் கொடுத்தேன். துருப்பிடித்த நட்டைக் கழற்ற அடிக்கும் ஸ்ப்ரேயை உள்ளே முழுக்க அடித்துக் கொடுத்தார்கள். ஒரு வாரம் பட்டாக ஓடியது. கரைப்பான் ஆவியானதும் முன்னைவிட இறுகியது. தெறித்த எண்ணெய் பிலிமிலும் ஏறியது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. சமையல் எண்ணெய், தேங்காயெண்ணெய் பக்கமே போகவேண்டாம். அவையும் பிசினாகும்.

ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, பெயின்டில் படாமல் ஒவ்வொரு பேரிங் ஓரத்திலும் வைத்தேன். கையால் பத்துச் சுற்று. பழுப்பாகக் கசியும். துடைத்துவிட்டு மறுபடி. மூன்று மாலைகள் ஆயின. மூன்றாம் நாள் தண்டை விரலால் தட்டிவிட்டதும் அதுவாகவே இரண்டு சுற்று சுற்றி நின்றது. அந்தக் கணத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

பிறகு தையல் மெஷின் எண்ணெய். சிரிஞ்ச் ஊசியின் நுனியில் திரளும் ஒரே சொட்டு, ஒரு பேரிங்குக்கு. வெண்கல புஷ் அதைப் பஞ்சு போல மெதுவாக உறிஞ்சும். பத்து நிமிஷம் காத்திருந்து மிச்சத்தைத் துடைக்க வேண்டும். உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்துக்குத் தீக்குச்சி முனையளவு வெள்ளை லித்தியம் கிரீஸ். பெல்ட், ஷட்டர் தகடு, லென்ஸ், பிலிம் ஓடும் பாதை இவற்றில் ஒரு துளியும் படக்கூடாது.

பிலிமை விளக்கின் முன் பிடித்து நிறுத்தும் கேட் தனிக்கதை. பிலிமில் ஒரு பிரேமின் அகலம் ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர். சுவரில் 90 சென்டிமீட்டருக்குப் பெரிதாக்கினால் 200 மடங்கு. கேட்டில் ஒட்டிய 0.1 மில்லிமீட்டர் துகள் திரையில் இரண்டு சென்டிமீட்டர் கறையாக நிற்கும். அதைவிட மோசம், அது பிலிமை நீளக் கீறிக்கொண்டே போகும். ஆணி, பிளேடு எதுவும் கூடாது. மரப் பல்குச்சியால்தான் சுரண்டினேன். பிலிமை இழுக்கும் நகம் 50 அடிச் சுருளில் நாலாயிரம் முறை இழுக்க வேண்டும். அதன் நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், பிசிறு இல்லை.

வயர் உறை வெடித்திருந்தது, மாற்றினேன். மோட்டாரோடு இருந்த பழைய காகித கெபாசிட்டரையும் எலக்ட்ரீசியனை வைத்து மாற்றியாயிற்று. இந்த இரண்டையும் செய்யாமல் யாரும் சுவிட்சைத் தொடவேண்டாம்.

பிலிம் இல்லாமல் பத்து நிமிஷம் ஓட்டி, மூடியின் உட்புறத்தை டிஷ்யூவால் ஒற்றிப் பார்த்தேன். இரண்டு எண்ணெய்ப் பொட்டுகள். துடைத்து மறுபடி ஓட்டினேன், சுத்தம். அடுத்து ஒரு வேண்டாத பிலிம் துண்டு. அதற்குப் பிறகுதான் அப்பா எடுத்த சுருள்.

சத்தம் இருக்கிறது, தையல் மெஷினை விடச் சற்று அதிகம். வெளிச்சம் இருட்டறைக்குப் போதும். கதவிடுக்கில் வெயில் வந்தால் போதாது. படம் ஆடாமல் நிற்கிறது. நாலு நிமிஷம், கிணற்றடியில் பாட்டி தலை துவட்டிக்கொண்டு காமிராவைப் பார்த்துக் கையால் விரட்டுகிறாள். மடியில் இருக்கும் குழந்தை யாரென்று நாங்கள் சண்டை போட்டோம்.

இரண்டாவது டப்பாவைத் திறந்ததும் புளிக்காடி வாசம். அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டால் வரும் வாசம் அது. சுருள் விளிம்பு அலையலையாக வளைந்திருந்தது. அதை பி8-இல் மாட்டவில்லை. மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து, ஸ்கேன் செய்யக் கொடுப்பதற்காகத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.