வான் கார்மான் சோடியம் சோதனை: ஒரு மதிப்பீடு

வான் கார்மான் சோடியம் சோதனை என்பது, ஓடும் திரவ உலோகத்தில் காந்தப்புலம் தானாகவே உருவாகுமா என்பதை ஆராய பிரான்சின் கடராஷ் ஆய்வு மையத்தில் நடத்தப்பட்ட இயற்பியல் சோதனை. 2006 செப்டம்பரில் இதில் தன்னியக்க டைனமோ கிடைத்தது. புவிக்காந்தத்தின் ஆய்வக மாதிரியாக இது பரவலாகச் சுட்டப்படுகிறது. எனினும், இந்த வெற்றியில் திரவத்தின் பங்கு எவ்வளவு, அதைச் சுழற்றிய தட்டுகளின் உலோகத்தின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்த்த பின்னரே அந்த ஒப்புமையை ஏற்க முடியும்.

பின்னணி

சூரியனின் காந்தப்புலம் அதன் உள்ளோட்டத்தால் உருவாகலாம் என்று 1919-இல் ஜோசப் லார்மர் முன்மொழிந்தார். ஓட்டம் புலத்தை வளர்க்கிறது. மின்தடை அதை அழிக்கிறது. இவ்விரண்டின் விகிதமே காந்த ரெனால்ட்ஸ் எண். வேகம், அளவு, கடத்துத்திறன், காந்த உட்புகுதிறன் ஆகியவற்றின் பெருக்கமான இது, ஓட்டத்தின் வடிவத்தைப் பொறுத்த ஒரு வரம்பைத் தாண்டினால் டைனமோ பிறக்கும்.

1999-இல் ரீகாவிலும் கார்ல்ஸ்ரூவிலும் நடந்த சோதனைகள் திரவ சோடியத்தைக் குழாய்களின் வழியே செலுத்தி இதை மெய்ப்பித்தன. அங்கே ஓட்டத்தின் பாதையைச் சுவர்களே வகுத்தன. கடராஷில் அந்த வழிகாட்டுச் சுவர்கள் இல்லை. ஓர் உருளைக் கலத்தில் எதிரெதிராகச் சுழலும் இரு தட்டுகள் சோடியத்தைக் கொந்தளிக்கச் செய்தன. இதுவே சோதனையின் புதுமை.

தட்டின் உலோகம்

துருப்பிடிக்காத எஃகுத் தட்டுகளைப் பயன்படுத்தியபோது, எட்டக்கூடிய வேகங்களில் டைனமோ கிடைக்கவில்லை. தேனிரும்புத் தட்டுகளைப் பொருத்திய பிறகே புலம் வளர்ந்தது. சுழலும் தட்டுகளில் ஒன்றாவது தேனிரும்பாக இருக்க வேண்டியிருந்தது.

இதன் காரணம் எளிய இயற்பியல்தான். திரவம் சுவரோடு நின்றுவிடும். புலமும் மின்னோட்டமும் நிற்பதில்லை. நன்கு கடத்தும் சுவர், மின்னோட்டம் சுற்றிவர எளிய பாதை தந்து இழப்பைக் குறைக்கும். உட்புகுதிறன் மிகுந்த தட்டு, காந்தப்புலக் கோடுகளை ஏறத்தாழச் செங்குத்தாக உள்ளே இழுத்துத் தனக்குள் செறிவாக்கும். தட்டுக்குப் பின்னால் சுழலும் சோடியம் டைனமோவைக் கெடுக்கக்கூடியது. இரும்புத் தட்டு அதன் தாக்கத்தையும் குறைக்கிறது.

உலோகம் மாறியதால் வரம்பு மட்டும் குறையவில்லை. சராசரி ஓட்டத்தைக் கொண்டு செய்த கணக்கீடுகள் அச்சுக்குக் குறுக்கான இருமுனைப் புலத்தை எதிர்பார்த்தன. கிடைத்ததோ அச்சின் திசையிலேயே அமைந்த இருமுனை. அச்சுச் சமச்சீருள்ள புலத்தை அவ்வகை ஓட்டம் மட்டும் நிலைநிறுத்த முடியாது என்பது 1933-இல் வெளிவந்த கௌலிங் தேற்றம். எனவே கொந்தளிப்போ, தட்டின் அலகுகளோ சமச்சீரைக் குலைத்தாக வேண்டும். தட்டின் உட்புகுதிறனைச் சேர்த்துச் செய்த பிற்காலக் கணக்கீடுகளில் அச்சு இருமுனை முன்னுக்கு வந்தது.

குறைகளும் நிறைகளும்

கலத்துக்குள் காந்தத்தை வைத்துவிட்டுப் புலம் பிறந்ததாகச் சொல்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு சரியன்று. தேனிரும்பு நிலைக்காந்தம் அல்ல. சுழல்வேகம் வரம்பைத் தாண்டினால் புலம் எழுகிறது, குறைந்தால் தாழ்கிறது. ஆனால் இரும்பில் எஞ்சும் சிறு காந்தத்தன்மை அந்த வரம்பைக் கூர்மையற்றதாக்குகிறது.

பெரிய குறை ஒப்புமையில் உள்ளது. இரும்பு 770 டிகிரி செல்சியசுக்கு மேல் தன் ஃபெர்ரோ காந்தத்தன்மையை இழக்கும். புவியின் கருவம் பெரும்பாலும் இரும்பே என்றாலும், அதன் வெப்பநிலை இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே கடராஷின் தட்டு செய்த வேலையைச் செய்யக்கூடிய உறுப்பு எதுவும் புவிக்குள் இல்லை. வழிகாட்டும் சுவரை நீக்கிய சோதனை, இன்னொரு சுவரின் பண்பைச் சார்ந்தே வென்றது.

எனினும், தட்டுகளை வெவ்வேறு வேகத்தில் சுழற்றியபோது புலத்தின் துருவங்கள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் தலைகீழாயின. இருமுனைப் புலமும் நான்முனைப் புலமும் ஒன்றோடொன்று பிணைவதாகக் கொண்டால் இந்நடத்தையை விளக்க முடிகிறது. அந்த விளக்கத்துக்குத் தட்டின் உலோகம் தேவையில்லை. புவியில் துருவங்கள் எப்படிப் புரள்கின்றன என்பதைச் சிந்திக்க இச்சோதனை நேரடியாக உதவுவது இங்கேதான்.

ஆகவே கடராஷ் சோதனை புவிக்காந்தம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கான சான்று அல்ல. பிறந்த புலம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான சான்று. எல்லைப்பொருளைக் கணக்கில் சேர்க்காத டைனமோக் கோட்பாடு முழுமையற்றது என்பதையும் அது காட்டியது. அந்தப் பாடம் புவிக்கும் பொருந்தும்: திண்ம உள்கருவத்தின் கடத்துத்திறன் புலத்தின் ஏற்றத்தாழ்வுகளைத் தணிக்கலாம் என ஹாலர்பாக், ஜோன்ஸ் ஆகியோரின் 1993 கணக்கீடு ஏற்கெனவே சுட்டியிருந்தது.