ஊருக்கு உபதேசம்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அரசியல்வாதியின் புத்தகத்தைப் படித்தாலும் அதில் கொள்கையைத் தேடமாட்டான், பாத்திரத்தைத் தேடுவான். அமெரிக்க செனட்டர் வில்லியம் புல்பிரைட் 1966-இல் வெளியிட்ட ‘அதிகாரத்தின் ஆணவம்’ என்ற நூலை மறுபடி படித்தபோது எனக்கும் அதுதான் நேர்ந்தது.

நூலின் வாதம் எளியது. பலம் மிகுந்த தேசம் தன் பலத்தையே தர்மமென்று எண்ணத் தொடங்குகிறது. உலகத்தைத் தன் சாயலில் திருத்தப் புறப்படுகிறது. அந்த முயற்சியில் தானும் கெடுகிறது. வியட்நாமில் அமெரிக்கா செய்துகொண்டிருந்தது இதுதான் என்கிறார். சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. ஜனாதிபதி ஜான்ஸனின் சொந்தக் கட்சிக்காரர். 1959 முதல் 1974 வரை செனட்டின் வெளிநாட்டு உறவுக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர்.

தைரியம் அவருக்குப் புதிதல்ல. 1954-இல் மெக்கார்த்தியின் விசாரணைக் குழுவுக்குப் பணம் ஒதுக்கும் பிரேரணையை 85 பேர் ஆதரித்தபோது, ஒற்றை ஆளாக எதிர்த்து ஓட்டளித்தார். 1961-இல் கியூபாமீது படையெடுப்பு வேண்டாமென்று கென்னடிக்கு முன்கூட்டியே எடுத்துச் சொன்னார். யுத்தத்தில் மிஞ்சிய தளவாடங்களை விற்ற பணத்தில் மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பிப் படிக்கவைக்கலாம் என்ற யோசனையும் அவருடையதே. 1946-இல் அது சட்டமாயிற்று. 1950-இல் நம் நாடும் அதில் சேர்ந்தது.

இதே மனிதர்தான் 1964 ஆகஸ்டில், ஜான்ஸனுக்குப் போர்க் கதவைத் திறந்துவிட்ட டோங்கின் வளைகுடாத் தீர்மானத்தை செனட்டில் நடத்திக் கொடுத்தார். 88 பேர் ஆதரித்தார்கள். மோர்ஸும் குரூனிங்கும் மட்டுமே எதிர்த்தார்கள். தாம் ஏமாந்ததைப் புல்பிரைட் பின்னால் உணர்ந்தார், வெளிப்படையாக வருந்தினார். 1966-இல் தொலைக்காட்சிக் காமிராக்களின் முன்னே யுத்தத்தை விசாரணைக்கு இழுத்தார். ஏமாந்தவனின் கோபம் நூலுக்கு ஒரு சூட்டைக் கொடுக்கிறது. அதை நான் மனமார மதிக்கிறேன்.

ஆனால் பாத்திரம் இத்துடன் முடியவில்லை. கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கவேண்டும் என்ற சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து, 1956-இல் தென்மாநிலப் பிரதிநிதிகள் ஓர் அறிக்கை விட்டார்கள். அதில் புல்பிரைட்டின் கையெழுத்தும் உண்டு. 1964 சிவில் உரிமைச் சட்டத்தையும் 1965 ஓட்டுரிமைச் சட்டத்தையும் அவர் எதிர்த்தார். அதிகாரத்தின் ஆணவம் வியட்நாமில் மட்டுந்தானா இருந்தது? அவருடைய ஆர்கன்ஸாஸில் இல்லையா?

இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள்: கையெழுத்திடாவிட்டால் பதவி போயிருக்கும்; பதவி போயிருந்தால் 1966 விசாரணை நடந்திராது. வாதத்தில் பலம் இருக்கிறது. ஆனால் டென்னஸீ மாநிலத்து கோரும் கெஃபாவரும் கையெழுத்திட மறுத்தவர்கள்தாம். 1958-இல் கோரும், 1960-இல் கெஃபாவரும் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஆர்கன்ஸாஸ் டென்னஸீ அல்ல என்று சொல்லலாம், இருக்கட்டும். டோங்கின் தீர்மானத்தை எதிர்த்த மோர்ஸும் குரூனிங்கும் 1968-இல் பதவி இழந்தார்கள். நியாயத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அவர்களுடைய சொந்தப் பையிலிருந்து போயிற்று. புல்பிரைட்டின் நாற்காலிக்கு விலை கொடுத்தது யார்? பள்ளிக்கூட வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட கறுப்புக் குழந்தைகள். அவர்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை.

1974-இல் சொந்தக் கட்சியின் உட்தேர்தலிலேயே அவர் தோற்றார். நாற்காலி போய்விட்டது; புத்தகம் நிற்கிறது. அதைப் படிக்கவேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். அவசியம் படியுங்கள். தூரத்து அநியாயம் ஒரு புத்திசாலியின் கண்ணுக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்பதற்காகப் படியுங்கள். படித்து முடித்ததும், நம் தெருக்கோடியை ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.