வலியை அளக்கவும் கற்க வேண்டும்

காங்கேயத்தில் கொப்பரைக் களத்தில் வேலை செய்யும் ஒரு தாய், புற்றுநோயுற்ற தன் இரண்டு வயது மகனுடன் கோவையில் ஒரு மருத்துவமனையில் தங்கியிருக்கிறாள் என வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் குழந்தை வலியால் துடிக்கிறது. வார்டில் இருப்பவர் மேற்படிப்புப் பயிலும் இளம் மருத்துவர். அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

இவ்வினாவுடன், குழந்தைகளுக்கான வலிதணிப்பு ஆதரவுச் சிகிச்சை பற்றி உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி நூலைப் படித்துப் பாருங்கள். இச்சிகிச்சை கடைசி நாட்களுக்கு மட்டும் உரியதன்று; நோய் கண்டறிந்த நாளிலேயே, குணப்படுத்தும் சிகிச்சையோடு சேர்த்தே தொடங்கலாம் என்கிறது நூல். இது போற்றத்தக்க கருத்து.

ஆனால் நூல் திட்டமிடுவோரையும் நிர்வாகிகளையும் நோக்கியே எழுதப்பட்டது. இளம் மருத்துவருக்குக் கைப்பயிற்சி தேவை. பேச வராத குழந்தையின் முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் அடங்கும் தன்மை ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இட்டு வலியை அளக்கலாம். வலி கடுமையானால், எடைக்கேற்ற அளவில் மார்ஃபின் தரலாம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, இம்மருந்தைப் பெறும் வழி எளிதாக்கப்பட்டது. எனினும் சட்டம் தளர்ந்த மாத்திரத்தில் கையின் தயக்கம் தீர்ந்துவிடாது. மூத்த மருத்துவர் கட்டிலருகே நின்று கற்பித்தால்தான் அது தீரும். “பிள்ளை பிழைப்பானா டாக்டர்?” என்ற கேள்விக்கு விடை சொல்லும் முறையும் அவ்வாறே கற்க வேண்டியது.

நூல் வழி காட்டுகிறது. உடன் நடக்க ஆசிரியர் வேண்டுமல்லவா?