பாதாள உலகப் படத்தின் முதற்காட்சியும் மலையக யதார்த்தமும்

பாதாள உலகத் திரைப்படம் முதலாளித்துவ நகரம் ஈன்ற வகைமையாகும். 1931 இல் வெளிவந்த 'லிட்டில் சீசர்', 'த பப்ளிக் எனிமி', அடுத்த ஆண்டு வெளிவந்த 'ஸ்கார்ஃபேஸ்' ஆகியன அதன் வாய்பாடுகளை நிலைநிறுத்தின. இருள், மோட்டார் வண்டி, துப்பாக்கி, மிடுக்கான உடை, தனிமனிதனின் எழுச்சி, வீழ்ச்சி என்பன அவற்றுட் சில. வெற்றியைக் கடமையாக்கும் சமுதாயத்திலே வெற்றியே அழிவுக்கு வழிகோலுவதை இவ்வகைமை உணர்த்துகின்றது என்பது ராபர்ட் வார்ஷோ 1948 இல் முன்வைத்த கருத்து.

மாணவர் எடுக்கும் குறும்படமொன்றின் தொடக்கத்தில் இவ்வாய்பாடுகள் இடம்பெறுதல் இயல்பே. ஓரிரு நிமிடங்களுள் பார்வையாளர் வகைமையை இனங்கண்டாக வேண்டும். எனவே வாய்பாட்டைக் கையாள்வது குறையன்று. எந்தச் சமூக உண்மையைப் புலப்படுத்த அது கையாளப்படுகிறது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா. தமிழ்த் திரைப்படங்கள் இரண்டின் தொடக்கங்கள் இதற்கு விடைகாண உதவும்.

மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் கொலையுடன் தொடங்குகின்றது. பொலிசார் சிறுவனைப் பின்தொடர்ந்து சென்று, மறைந்திருந்த அவன் தந்தையைச் சுட்டுக்கொல்கின்றனர். சிறுவன் அதிகாரியைக் குத்திவிட்டுப் பம்பாய்க்குத் தப்பிச் செல்கின்றான். வன்முறையின் ஊற்று அரசே எனக் காட்டிய அளவில் இத்தொடக்கம் வகைமையின் எல்லையை மீறுகின்றது. ஆயின் தொழிற்சங்கம் தந்தையுடனேயே மறைந்துவிடுகின்றது. கூட்டுப் போராட்டம் விட்ட இடத்தைத் தனியொரு காவலன் நிரப்புகின்றான்.

பா. ரஞ்சித்தின் 'கபாலி' (2016) வேறொரு வகையில் மரபை எதிர்கொள்கின்றது. நீண்ட சிறைவாசம் முடிந்து வெளிவரும் நாயகன், தலித் குடும்பமொன்றின் வரலாறான 'மை ஃபாதர் பாலையா' என்ற நூலைச் சிறையில் வாசிப்பவனாக அறிமுகமாகின்றான். அவன் அணியும் கோட்டும் ஆடம்பரமன்று. மறுக்கப்பட்ட மாண்பை மீட்கும் அடையாளம். மலேசியத் தோட்டத் தொழிலாளரின் சமஊதியக் கோரிக்கையும் இப்படத்தில் உண்டு. எனினும் அது நாயகனின் கடந்தகாலமாகச் சுருங்குகின்றது.

இனி, பூண்டுலோயாவிலே இத்தகைய படமொன்றைத் தொடங்க முற்படும் மாணவரின் நிலையை நோக்குவோம். அங்குள்ள டன்சினன் தோட்டம் ஸ்கொட்லாந்து மலையொன்றின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சேக்ஸ்பியரின் மக்பெத், கொலையாற் பெற்ற முடியைக் காக்க அரணமைத்த இடமும் டன்சினனே. விஷால் பரத்வாஜ் 'மக்பூல்' (2003) படத்தில் அந்நாடகத்தை மும்பைப் பாதாள உலகிற்கு மாற்றினார். மலையக மாணவருக்கோ மும்பையை இரவல் வாங்கவேண்டிய தேவையில்லை.

ஆயினும் இங்குதான் அடிப்படை முரண்பாடு எழுகின்றது. பாதாள உலகப் படம் வன்முறையைச் சட்டத்துக்கு வெளியே வைக்கின்றது. தோட்டத்திலோ அது சட்டத்தின் வடிவிலேயே வந்தது. 1865 ஆம் ஆண்டின் ஊழிய ஒப்பந்தச் சட்டத்தின்கீழ், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டகன்ற தொழிலாளி சிறைசெல்ல நேர்ந்தது. கடனைப் பொறித்த 'துண்டு' முறை 1921 வரை நீடித்தது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் ஒரு துப்பாக்கியுமின்றி இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. துப்பாக்கி நீட்டப்பட்டபோதும் அது அரசின் துப்பாக்கியே. 1940 சனவரியில் முல்லோயாவில் கோவிந்தனும், 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணனும் பொலிசாரின் சூட்டுக்குப் பலியாயினர். முன்னையது ஊதியப் போராட்டம். பின்னையது காணிப் பறிப்புக்கு எதிரான போராட்டம். இம்மரணங்களிலிருந்து தாதாக்கள் தோன்றவில்லை. தொழிலாளரின் அமைப்பு வலுப்பெற்றது. 'நாயகன்' தொடக்கத்துக்கு வரலாறு அளித்த மறுமொழி இதுவெனலாம்.

எனவே மாணவர் வாய்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளட்டும். பனிமூட்டம், வாகன வெளிச்சம், காத்துநிற்கும் வரிசை, இறங்கிவரும் மிடுக்கான காலணிகள், நெஞ்சுப்பைக்குள் நுழையும் கை. துப்பாக்கியை எதிர்பார்க்கும் பார்வையாளருக்குத் தெரிவது பேனாவாகட்டும். கொழுந்து நிறுக்கப்படுகின்றது; நிறை போதவில்லை; அவளது பெயருக்கு நேரே 'அரைப்பேர்' விழுகின்றது. அடுத்த காட்சி அப்பெண்ணின் தனிப்பழியாகத் தொடங்கினால் மரபு வென்றுவிடும். வரிசை முழுவதும் கூடையை இறக்கி நின்றால் வகைமை மாறத் தொடங்கும். பயன்படுத்தலும் எதிர்த்தலும் ஒரே காட்சியில் இணையும் இடம் அதுவே.