சுவரொட்டியின் வலு: றொஸ்ரா யன்னல்களும் பாரிஸ் பட்டறையும்

சுவரொட்டி பற்றிய நமது விமர்சனச் சிந்தனை இன்னும் ஆரம்ப நிலையிலேயே உள்ளது. ஒருசாரார் அதனை விளம்பரத் தொழிலின் கிளையாகக் கொண்டு, நிறம், எழுத்து, இடைவெளி ஆகியவற்றுக்கு விதி வகுப்பர். முற்போக்காளர் சிலரோ, கருத்துச் சரியாயின் உருவம் தானே அமையும் என நம்பி, நீண்ட அறிக்கையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டுவதுடன் அமைதியடைவர். சுவரொட்டியை அது நிற்கும் தெருவிலிருந்தும், அதனைக் கடந்து செல்லும் மனிதரிடமிருந்தும் பிரித்து நோக்கும் தவறு இரு சாராருக்கும் பொதுவானது.

உள்நாட்டுப் போர்க்காலத்து ருஷ்யாவை நோக்குவோம். 1919 இலையுதிர் காலத்தில் மொஸ்கோவில், றொஸ்ரா என்னும் அரச தந்திச் செய்தி நிறுவனம், சரக்கின்றி வெறுமையாய்க் கிடந்த கடைகளின் கண்ணாடி யன்னல்களிற் சித்திரச் செய்திகளை வைக்கலாயிற்று. ஓவியர் செரம்னிக் தொடக்கிய இம்முயற்சியில் விரைவிலேயே இணைந்த கவிஞர் மாயாகோவ்ஸ்கி, வாசகங்களுட் பெரும்பாலானவற்றை எழுதியதோடு சித்திரங்களையும் வரைந்தார். கடதாசிக்கும் அச்சு வசதிக்கும் கடும் பஞ்சம் நிலவிற்று. மக்களிற் பெருந்தொகையினர் எழுத்தறியாதவர். செய்தியோ நாள்தோறும் மாறியது. ஆகவே மட்டையில் வெட்டிய ஸ்ரென்சில்களைக் கொண்டு கையாலேயே பிரதி செய்தனர். ஸ்ரென்சிலுக்கு நுண்கோடு ஒவ்வாது. தட்டையான நிறமும் தெளிவான புறவடிவமும் வேண்டும். சிவந்த தொழிலாளி, உயர்தொப்பியணிந்த பருத்த முதலாளி என ஒரே உருவங்கள் திரும்பத் திரும்ப வந்தமையால், எழுத்தறியாதவரும் அவற்றை வாசிக்கப் பழகினர்.

இன்று நாம் வியக்கும் அவ்வெளிமையை வறுமையின் நேரடி விளைவெனக் கொள்வது இயந்திரப் பாங்கான விளக்கமாகும். பொருளியல் நிலைமை வினாவை எழுப்பிற்று. விடையைக் கலைஞரே தேடிக் காண வேண்டியிருந்தது.

1968 மே மாதத்தில், பாரிஸ் நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றிய மாணவரும் கலைஞரும் அமைத்த 'மக்கள் பட்டறை' இவ்வுண்மையை வேறொரு கோணத்திற் காட்டுகிறது. அவர்கள் கல்லச்சிலே தொடங்கி, விரைவு கருதிப் பட்டுத்திரை அச்சுக்கு மாறினர். பெரும்பாலானவை ஒரே நிறத்தவை. வரைந்தவர் பெயர் எதிலும் இல்லை. ஒவ்வொரு மாதிரியும் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கப்பட்டு இரு வினாக்களுக்கு உட்படுத்தப்பட்டது: அரசியற் கருத்துச் சரியானதா? அக்கருத்தைச் சுவரொட்டி செவ்வனே உணர்த்துகிறதா? விளம்பரக்காரர் முதல் வினாவைக் கேட்பதில்லை. நம்மவர் பலர் இரண்டாவதைக் கேட்பதில்லை. உருவம், உள்ளடக்கம் பற்றி நீண்டகாலம் விவாதித்து வந்துள்ள நம் முற்போக்கு விமர்சனம், அவ்விரு வினாக்களும் ஒரே கூட்டத்தில் ஒருங்கே எழுப்பப்பட்டமையைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

ஜூன் 27இல் பொலிசார் கல்லூரியை மீட்டனர். தம் சுவரொட்டிகள் போராட்டக் களத்துக்கே உரியன, அலங்காரத்துக்கு உரியனவல்ல எனப் பட்டறையினர் வற்புறுத்தியிருந்தனர். எனினும் அவை இன்று சேகரிப்பாளரிடையே விலைபோகின்றன. அதே தாள், அதே கோடு, அதே நிறம். ஆயின் வேலைநிறுத்தத்துக்குச் செல்லும் தொழிலாளி அங்கு இல்லை. சுவரொட்டியின் வலு தாளுக்குள் மட்டும் அடங்கியதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனவே ஒரு சுவரொட்டியை மதிப்பிடுகையில், அது அழகியதா என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. யார் கடந்து செல்லும் சுவரில் அது உள்ளது, எத்தனை கணங்களில் அவரைப் பற்றுகிறது, பின்னர் எச்செயலுக்கு அவரைத் தூண்டுகிறது என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும்.